மைக்ரோ ஆர்என்ஏவும் பேறுகால பிரஷரும்: புகையைப் பார்க்கிறோமா, நெருப்பையா?

பிரீஎக்ளாம்ப்சியாவில் மைக்ரோ ஆர்என்ஏக்களின் பங்கு பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் அவற்றின் கடைசிப் பத்தி மனப்பாடமாகிவிடும். இந்த மூலக்கூறுகளை வைத்து நோயை முன்கூட்டியே கண்டறியலாம், மேலும் ஆய்வு தேவை என்றுதான் பெரும்பாலும் முடியும். 2007-லிருந்து இதே பாட்டுதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தப் பரிசோதனை கிடையாது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியிலும் வழக்கமான பரிசோதனையாக இது இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

நான் மருத்துவம் படித்த ஆள் இல்லை, ஆய்வுகளைப் படித்து எழுதுகிற ஆள். கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து படிப்பதால் ஒரு கேள்வி மட்டும் கூடுதலாக வந்துவிடுகிறது: கட்டுரை சொல்கிற இந்தப் பரிசோதனை, கூடலூரிலோ மேகமலையிலோ தலைப்பிள்ளையைச் சுமக்கிற ஒரு பெண்ணுக்கு எந்த வாரத்தில், என்ன உதவி செய்யும்?

நோய் எங்கே தொடங்குகிறது

கர்ப்பம் 20 வாரம் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு அல்லது தாண்டி, கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், தட்டணுக்கள் என்று எதிலாவது பாதிப்பு தெரிந்தாலோ அது பிரீஎக்ளாம்ப்சியா. புத்தகத் தமிழில் முன்சூல்வலிப்பு. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'மாசமா இருக்கும்போது பிரஷர்' என்பார்கள். வலிப்பே வந்துவிட்டால் எக்ளாம்ப்சியா. பழைய ஆட்கள் அதையும் சேர்த்து ஜன்னி என்று சொல்லிவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, தாய் மரணங்களில் சுமார் 14 சதவீதம் கர்ப்பகால ரத்த அழுத்த நோய்களால் நடப்பவை. தமிழ்நாட்டில் 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்திய அளவில் அது 97, கேரளத்தில் 19. இந்திய சராசரியோடு பார்த்தால் நாம் பெருமைப்படலாம். கம்பமெட்டு செக்போஸ்டைத் தாண்டிப் பார்த்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். வாய்க்காலைத் தூர்வாரி அகலப்படுத்துகிற மாதிரியான வேலை. அது அரைகுறையாக நின்றுவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தமும் ஆக்சிஜனும் பற்றாமல் போகும். அது தன் தவிப்பில் சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கொட்டும். அவை தாயின் ரத்தக் குழாய்ச் சுவர்களைக் கெடுக்கும். பழைய டாக்டர்கள் இந்த நோயை 'டாக்ஸீமியா', அதாவது ரத்தத்தில் நஞ்சு, என்றார்கள். அந்த நஞ்சு என்னவென்று தெரியாமலேயே வைத்த பெயர். நம் மொழியில் அந்த உறுப்புக்கே நஞ்சு என்று பெயர் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்த நோய்க்குத் தீர்வு நஞ்சு வெளியே வருவதுதான். குழந்தையும் நஞ்சும் பிரிந்த பிறகுதான் அழுத்தம் இறங்கத் தொடங்கும்.

இதில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது கால இடைவெளி. கோளாறு நடப்பது முதல் பாதியில், வெளியே தெரிவதோ பெரும்பாலும் 30 வாரத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ.

22 எழுத்து

மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ. அது புரதத்தை உண்டாக்காது. புரதம் செய்யச் சொல்லிப் போகிற தூது ஆர்என்ஏக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வாயை அடைக்கும், அல்லது அழித்துவிடும். 1993-இல் ஒரு நுண்புழுவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் குழுக்கள் இதை முதலில் கண்டார்கள். ஏதோ புழுவின் விநோதம் என்று ஏழு வருஷம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2000-இல் இரண்டாவது ஒன்று கிடைத்து, அது மனிதர் வரைக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் துறை சூடுபிடித்தது. 2024 மருத்துவ நோபல் இவர்கள் இருவருக்கும்தான்.

நஞ்சுக்கொடியில் இவை ஏராளம். 19-ஆம் குரோமோசோமில் சி19எம்சி என்ற ஒரு கொத்து இருக்கிறது. 46 மைக்ரோ ஆர்என்ஏ மரபணுக்கள் ஒரே வரிசையில். குரங்கினத்திலும் மனிதரிலும் மட்டும் உள்ள கொத்து இது. ஏறக்குறைய நஞ்சுக்கொடியில் மட்டுமே வேலை செய்கிறது, அதிலும் அப்பாவிடமிருந்து வந்த நகல் மட்டும். நோய் வந்தால் 'அவ ஒடம்பு வாகு அப்படி' என்று பெண்ணின் மேலேயே போட்டுவிடுகிற நமக்கு இது நல்ல பாடம். நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு மட்டுமல்ல, அப்பாவின் மரபணுவும் அதில் வேலை பார்க்கிறது.

2008-இல் ஹாங்காங் குழு ஒன்று, நஞ்சுக்கொடியின் மைக்ரோ ஆர்என்ஏக்கள் தாயின் ரத்தத்திலேயே மிதக்கின்றன, பிரசவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகின்றன என்று காட்டியது. நம்பிக்கைக்கு அடித்தளம் அதுதான். வயிற்றுக்குள் இருக்கிற நஞ்சுக்கொடியைத் தொடாமல், கையில் எடுத்த ரத்தத்தைப் பார்த்தே அதன் சேதி கேட்கலாமே!

மிர்-210: புகையா நெருப்பா?

இந்தத் துறையின் பிரபலம் மிர்-210. 2007-இல் பிரீஎக்ளாம்ப்சியா நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்த பைனலஸ் குழுவின் கட்டுரையில் மிர்-210, மிர்-182 இரண்டும் கூடியிருந்தன. அதற்குப் பிறகு வெவ்வேறு நாட்டுக் குழுக்களும் மிர்-210 உயர்வைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன. இதை மறுக்க முடியாது.

ஆனால் மிர்-210 எதனால் உயர்கிறது? செல்லுக்கு ஆக்சிஜன் குறையும்போது ஹிஃப் என்ற புரதம் விழித்துக்கொண்டு மிர்-210-ஐக் கூட்டுகிறது. புற்றுநோய்க் கட்டியிலும் கூட்டும், ரத்த ஓட்டம் தடைப்பட்ட இதயத் தசையிலும் கூட்டும். அதாவது இது மூச்சுத் திணறலின் அடையாளம். கூடிய பிறகு அது சும்மாவும் இருப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான இஸ்கு என்ற புரதத்தை அடக்கி, செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் குறைக்கிறது. நஞ்சுக்கொடிச் செல்கள் ரத்தக் குழாய்க்குள் புகுவதையும் தடுக்கிறது என்று ஆய்வக வளர்ப்பில் காட்டியிருக்கிறார்கள். ஆக, புகையாகத் தொடங்கி நெருப்பையும் விசிறுகிற ஆள். எந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான கட்டுரைகளால் பதில் சொல்ல முடியாது. அவற்றின் ஆய்வு அமைப்பே அதற்கு இடம் கொடுப்பதில்லை.

காரணத்தைப் பாருங்கள். நஞ்சுக்கொடி கைக்குக் கிடைப்பது பிரசவத்துக்குப் பிறகு. அதற்குள் நோய் வந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். வீடு எரிந்து முடிந்த பிறகு சாம்பலை அள்ளி எதனால் தீப்பிடித்தது என்று பார்க்கிற வேலை. அதிலும் ஒப்பீடு சரியாக அமைவதில்லை. நோயுள்ள பெண்ணுக்கு 32 வாரத்தில் சிசேரியன் ஆகியிருக்கும். ஒப்பிட எடுத்த நஞ்சுக்கொடி 39 வாரத்தில் சுகப்பிரசவத்தில் வந்ததாக இருக்கும். வாரம் ஏற ஏற மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவு தானாகவே மாறும். பிரசவ வலியே நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜனைக் குறைக்கும். கண்ட வித்தியாசம் நோயால் வந்ததா, வாரத்தால் வந்ததா, வலியால் வந்ததா? நல்ல கட்டுரைகள் அதே வாரத்தில் குறைப்பிரசவமான பெண்களோடு ஒப்பிடுகின்றன. அப்படிச் செய்யாத கட்டுரையின் நீண்ட பட்டியலை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

எலியில் செய்து பார்க்கலாமே என்றால், அங்கேயும் ஒரு தடை. சி19எம்சி கொத்து எலிக்குக் கிடையாது.

ஜீப்பில் இறங்கி வரும் ரத்தம்

ரத்தத்தில் பார்ப்பதற்கு வருவோம். மைக்ரோ ஆர்என்ஏக்கள் ரத்தத்தில் ஆச்சரியமான அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். புரதத்தோடு ஒட்டியோ, நுண்பைகளுக்குள் ஒளிந்தோ இருப்பதால் சீக்கிரம் சிதையாது. இதை ஒரு பெரிய வசதியாகக் கட்டுரைகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் ரத்தக் குழாயில் அது மட்டுமா இருக்கிறது? சிவப்பணுக்களும் இருக்கின்றன. அவற்றுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் குவிந்து கிடக்கின்றன. சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலும் அவை வெளியே கொட்டி அளவையே மாற்றிவிடும்.

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கோ, குரங்கணியிலிருந்து போடிக்கோ ஒரு ரத்தக் குழாய் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கி வருவதை நினைத்துப் பாருங்கள். சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் சிவப்பணு உடையும். இதில் இன்னொரு வேடிக்கை: பல கட்டுரைகள் மற்ற மைக்ரோ ஆர்என்ஏக்களை அளக்க மிர்-16-ஐயே எடைக்கல்லாக வைத்திருக்கின்றன. எடைக்கல்லே கனத்துவிட்டால் தராசில் வைத்த சரக்கு குறைந்ததாகத்தானே காட்டும்?

அதைவிடச் சிக்கலானது இது. பிரீஎக்ளாம்ப்சியாவின் கடுமையான வடிவம் ஒன்றுக்கு ஹெல்ப் நோய்க்குறி என்று பெயர். அதில் தாயின் உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைகின்றன. அப்படியானால் நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் கூடியதாகத் தெரிகிற ஒரு மைக்ரோ ஆர்என்ஏ, நஞ்சுக்கொடி அனுப்பிய சேதியா, உடைந்த சிவப்பணுவின் கழிவா? சிவப்பணு உடைவை அளந்து சொல்லாத கட்டுரை இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. ஒரு கட்டுரையில் கூடிய மைக்ரோ ஆர்என்ஏ இன்னொன்றில் குறைந்திருப்பதற்கு, பிளாஸ்மா, சீரம், நுண்பை என்று ஆளுக்கொரு பக்கம் அளந்ததோடு இதுவும் ஒரு காரணம்.

ஜெயித்த இன்னொரு குறி

மைக்ரோ ஆர்என்ஏ ஏன் தேங்கியது என்று புரிய, தேங்காத ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போன எஸ். ஆனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல், பிரீஎக்ளாம்ப்சியா நஞ்சுக்கொடி எஸ்-ஃபிளிட்-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அதைக் கர்ப்பிணி எலிக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் ஏறுகின்றன என்று காட்டியது. டாக்ஸீமியா என்ற பழைய பெயரின் 'நஞ்சு' ஒன்று கையில் அகப்பட்டது.

அடுத்த வருஷம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். அமெரிக்காவில் முன்பு நடந்த ஒரு கால்சியம் ஆய்வில், நோய் வருவதற்கு முன்பே எடுத்துச் சேமித்த ரத்தம் இருந்தது. அதில் பின்னால் நோய் வந்த 120 பேரையும் வராத 120 பேரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். நோய் தெரிவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே எஸ்-ஃபிளிட்-1 ஏறியிருந்தது. 2016-இல் இன்னொரு ஆய்வு 38 என்ற எல்லைக் கோட்டைப் போட்டது. எஸ்-ஃபிளிட்-1-க்கும் பிஎல்ஜிஎஃப் என்ற புரதத்துக்கும் உள்ள விகிதம் 38-க்குள் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று 99 சதவீதத்துக்கு மேல் சொல்லலாம். 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த வகைப் பரிசோதனை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. இருபது வருஷம்.

அந்த இருபது வருஷத்தில் நடந்தது: காரணத்தைக் காட்டினார்கள், நோய்க்கு முந்தைய ரத்தத்தில் சோதித்தார்கள், எல்லைக் கோடு போட்டார்கள், அந்தக் கோடு எந்த முடிவுக்கு உதவும் என்று சொன்னார்கள். மைக்ரோ ஆர்என்ஏ துறையில் முதல் படியிலேயே கூட்டம் நெரிசலாக நிற்கிறது. புதுப் பட்டியல் போடுவது சுலபம், பழைய பட்டியலை வேறு ஊரில் சோதிப்பது கஷ்டம்.

ஆயிரம் கர்ப்பிணிகள், ஒரு கணக்கு

சரி, நாளைக்கே ஒரு மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் வரப்போகிறவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும், வராதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கும். கட்டுரையில் படித்தால் பிரமாதமான எண்கள். 1000 கர்ப்பிணிகளில் 50 பேருக்கு நோய் வரும் என்று கொள்வோம். பரிசோதனை அதில் 40 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 190 பேரைத் தவறாகப் பயமுறுத்தும். ஆபத்து என்று சீட்டு வாங்கிய 230 பேரில் உண்மையில் நோய் வருவது 40 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு. ஆய்வகத்தில் பாதிப் பேர் நோயாளி, பாதிப் பேர் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டு செய்கிற கட்டுரைகளில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

அதனால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. சீட்டு வாங்கியவருக்கு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. 2017-இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், 11 முதல் 14 வாரத்துக்குள் ஆபத்து அதிகம் என்று கண்ட பெண்களுக்குத் தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கிற மலிவான மாத்திரை இது. ஆறில் ஐந்து பேருக்குத் தேவையில்லாமல் போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆக, 12 வாரத்து ரத்தத்தில் பேசாத மைக்ரோ ஆர்என்ஏ, இந்த வேலைக்கு ஆகாது. அப்படிப் பேசுவதும்கூட, தலைப்பிரசவமா, முன்பு பிரஷர் இருந்ததா, சர்க்கரை உண்டா, இரட்டைக் குழந்தையா, உடல் எடை எவ்வளவு என்று நர்ஸம்மா ஐந்து கேள்வியில் இலவசமாகச் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்தப் போட்டியில் இறங்காமலே வெற்றி அறிவிக்கிற கட்டுரைகள்தான் என் முக்கியமான குறை.

பள்ளத்தாக்கில் என்ன விட்டுப்போகிறது

இங்கே ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியும் முன்பே ஜீப் கிளம்பிவிடும். வேலைக்குப் போகிற பெண் மாசமான ஆரம்பத்தில் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். 12 வாரம் என்பது அவளுக்கு வயிறே தெரியாத காலம்.

அப்புறம் வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் போட்டுக் கூட்டிப்போவார்கள். பிரீஎக்ளாம்ப்சியா அதிகம் தாக்குவதும் தலைப்பிரசவத்தைத்தான், அதன் ஆபத்தான வடிவம் தலைகாட்டுவதும் 34 வாரத்துக்கு முன்புதான். அதாவது நோய் வரக்கூடிய அதே நேரத்தில் பெண் ஊர் மாறுகிறாள். பதிவு எண் கணினியில் கூடவே போகும். போன மாசம் 110/70 இருந்த பெண்ணுக்கு இப்போது 136/88 ஏன் என்று சந்தேகப்படுகிற, முகம் தெரிந்த நர்ஸம்மா கூடப் போவதில்லை. கால் வீங்கினால் 'மாசமா இருக்கிற புள்ளைக்கு வீங்கத்தான் செய்யும்' என்று தாய்வீட்டில் சொல்லிவிடுவார்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் ஊதுவது இவையெல்லாம் அப்படி விடக்கூடியவை அல்ல. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான்.

வலிப்பு வந்துவிட்டால் மருந்து மக்னீசியம் சல்பேட். இங்கே திராட்சை இலை மஞ்சளித்தால் தெளிக்கிறார்களே, அதே உப்பின் சுத்திகரித்த ஊசி வடிவம். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வந்த மேக்பை ஆய்வில், அது வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. கம்பத்திலிருந்து க.விலக்கில் இருக்கிற தேனி மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். 108-இல் ஏற்றுமுன் முதல் ஊசி போட்டாகிவிட்டதா என்பதுதான் அந்த நேரத்தில் உயிர்க்கேள்வி. கால்சியமும் அப்படித்தான். பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், தினம் 500 மில்லிகிராம் கால்சியமே 1500-க்கு இணையாக இருந்தது. மூன்று மாத்திரை விழுங்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்பது சின்ன விஷயமில்லை.

இதைச் சொல்லி, மைக்ரோ ஆர்என்ஏ ஆராய்ச்சியே வீண் என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எஸ்-ஃபிளிட்-1 கதையும் ஆய்வகத்தில்தான் தொடங்கியது. 2018-இல் பபூன் வகைக் குரங்குகளில், மைக்ரோ ஆர்என்ஏ பயன்படுத்துகிற அதே செல் இயந்திரத்தைப் பயன்படுத்தும் ஒரு செயற்கைக் குட்டி ஆர்என்ஏவைக் கொடுத்து, எஸ்-ஃபிளிட்-1-ஐயும் ரத்த அழுத்தத்தையும் குறைத்துக் காட்டினார்கள். இன்றைக்குக் கடும் பிரீஎக்ளாம்ப்சியாவுக்குக் குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை. 28 வாரத்தில் ஒரு தாய்க்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் அந்தக் குழந்தையின் கதையே வேறு. மைக்ரோ ஆர்என்ஏவிடம் நான் எதிர்பார்ப்பது இந்தப் பக்கத்தில்தான் அதிகம், முன்னறிவிப்புச் சீட்டில் குறைவு.

முன்னறிவிப்புதான் வேண்டும் என்று ஒரு குழு வந்தால், தேனி மாவட்டத்திலேயே அதைச் செய்யலாம். முதல் பதிவின்போதே ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்து, எல்லாப் பெண்களையும் பிரசவம் வரை, தாய்வீட்டுக்குப் போனாலும் விடாமல் பின்தொடர வேண்டும். சிவப்பணு உடைவை ஒவ்வொரு குழாயிலும் அளக்க வேண்டும். நர்ஸம்மாவின் ஐந்து கேள்வியையும் பிரஷர் அளவையும் மைக்ரோ ஆர்என்ஏவோடு நேருக்கு நேர் மோதவிட வேண்டும். மைக்ரோ ஆர்என்ஏ தோற்றாலும் பரவாயில்லை. அந்த ஆய்வு நடந்த ரெண்டு வருஷத்தில் பின்தொடரப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊர் மாறினாலும் பிரஷர் பார்த்திருப்பார்களே, அது மிஞ்சும்.